அரபிக்கடல் கூன்முதுகுத் திமிங்கலம்: தூத்தூர், நீரோடி, விழிஞ்ஞம் கரைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்து இரையுமன்துறையிலிருந்து நீரோடி வரைக்கும், எல்லை தாண்டிக் கேரளத்தின் பொழியூர், விழிஞ்ஞம் வரைக்கும், திமிங்கலப் பேச்சு எழுந்தால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். முக்கால்வாசி ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் கேட்டவை. மிச்சம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேட்டவை.

கூன்முதுகுத் திமிங்கலம் ஆஸ்திரேலியா, அலாஸ்கா பக்கம்தானே இருக்கும்? நம்ம கடலிலும் உண்டா?

உண்டு. அதுவும் விருந்தாளியாக வந்து போவதில்லை, வருஷம் முழுக்க அரபிக்கடலிலேயே குடியிருக்கிறது.

உலகில் மற்ற இடங்களில் உள்ள கூன்முதுகுத் திமிங்கலங்கள் கோடையில் துருவத்துப் பக்கம் போய்த் தின்று கொழுக்கும். குளிர்காலத்தில் வெப்பக்கடலுக்கு வந்து இணை சேர்ந்து குட்டி போடும். அண்டார்டிக்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரமாகக் குயின்ஸ்லாந்து வரை அவை ஏறி வருவதைப் பார்க்க அங்கே கரையில் கூட்டம் கூடும். அரபிக்கடல் கூட்டம் மட்டும் இந்த வழக்கத்தை விட்டுவிட்டது. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும்போது ஓமன் கரையோரம் கடலின் அடியிலிருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் மேலே எழும்பி வருகிறது. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்குப் பிறகு நம் கரையில் சாளையும் (மத்தி) அயிலையும் (கானாங்கெளுத்தி) பெருகுவதற்கும் இதே மாதிரியான நீரோட்டம்தான் காரணம். துருவம் வரை போய்த் தேட வேண்டிய தீனி இங்கேயே கிடைத்துவிட்ட பிறகு எதற்குப் போக வேண்டும்?

மரபணுவைச் சோதித்தவர்கள், இந்தக் கூட்டம் மற்றவற்றிடமிருந்து பிரிந்து ஏறத்தாழ 70,000 ஆண்டுகள் ஆகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தெற்கு இந்தியப் பெருங்கடலில் பாடப்படும் பாட்டுக்கும் இவற்றின் பாட்டுக்கும் ஒற்றுமை மிகக் குறைவு. இந்தக் கூட்டம் அழிந்தால் வேறெங்கிருந்தும் வந்து இந்த இடத்தை நிரப்ப ஆள் இல்லை. அதனால்தான் இதைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது.

மொத்தம் எத்தனை இருக்கும்?

ஓமன் கரையில் வால் படங்களை ஒப்பிட்டுப் போட்ட மதிப்பீடு 82. கூடக்குறைய 60-க்கும் 111-க்கும் நடுவில். 2011-இல் வெளியான கணக்கு இது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்தக் கூட்டத்தை 2008-லேயே அழியும் ஆபத்தில் உள்ளவை என்ற பட்டியலில் தனியாகச் சேர்த்தது. நூறுக்கு அக்கம்பக்கத்தில் நிற்கும் ஒரு கூட்டத்தில், சினைப்பட்ட ஒரு பெண் செத்தாலும் அது பெரிய இழப்பு. கர்ப்பகாலமே ஏறத்தாழ 11 மாதம். ஒரு தடவைக்கு ஒரு குட்டிதான்.

எப்படி இவ்வளவு குறைந்து போனது? நம்ம ஆட்கள் யாரும் திமிங்கல வேட்டைக்குப் போனதாகக் கேள்விப்பட்டதில்லையே?

நீங்கள் சொல்வது சரி, நம் கரையில் அந்தத் தொழில் கிடையாது. அடித்தது சோவியத் கப்பல்கள். 1965-66-இல், பெரும்பாலும் 1966 நவம்பரில், ஓமன், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய கரைகளுக்கு அப்பால் 242 கூன்முதுகுத் திமிங்கலங்களைக் கொன்றார்கள். உலகமெங்கும் இந்த இனத்தை வேட்டையாடக் கூடாது என்று ஒப்புக்கொண்ட காலத்திலேயே இது நடந்தது. வெளியே சொல்லாமல் மறைத்தும் வைத்தார்கள். சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு, அந்தக் கப்பல்களின் பதிவுகளை வைத்து யூரி மிகாலெவ் என்ற அறிவியலாளர் 1997-இல் கட்டுரை வெளியிட்டார். அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

கொடுமை என்னவென்றால், இந்தக் கூட்டத்தைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்த அடிப்படைச் செய்திகள் பல அந்தக் கொலைக்களத்திலிருந்தே கிடைத்தவை. வயிற்றைக் கிழித்தபோது சாளை, அயிலை வகை மீன்களும் கூனிப்பொடி போன்ற சிற்றுயிர்களும் இருந்தன. கருவிலிருந்த குட்டிகளை அளந்து பார்த்ததில், இவை பூமியின் வடபாதிக் கணக்கில், ஆண்டின் முதல் மாதங்களில் குட்டி போடுகின்றன என்பது விளங்கியது. இரண்டே ஆண்டில் 242 போன கடலில், ஐம்பது ஆண்டு கழித்தும் நூறைத் தாண்டுவது பாடாக இருக்கிறது. கிழக்கு ஆஸ்திரேலியக் கூட்டமோ, வேட்டை நின்ற பிறகு சில நூறிலிருந்து பல்லாயிரமாகப் பெருகிவிட்டது. இங்கே அப்படி மீளாததற்குக் காரணம் வலை, கப்பல், சத்தம் என்று பல சேர்ந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அவற்றைப் பற்றிக் கீழே தனித்தனியாகச் சொல்கிறேன்.

ஓமனில் இருப்பது சரி. கன்னியாகுமரி வரை வந்ததற்கு என்ன ஆதாரம்?

லுபான் வந்தாள்.

2017 நவம்பரில் ஓமன் கரையோரம் ஆராய்ச்சியாளர்கள் ஒரு பெண் திமிங்கலத்தின் முதுகில் செயற்கைக்கோள் கருவி ஒன்றைப் பொருத்தினார்கள். அவளுக்கு வைத்த பெயர் லுபான். அரபியில் குங்கிலியம் போன்ற ஒரு சாம்பிராணிப் பிசின். மூச்சு விட அவள் மேலே வரும்போதெல்லாம் கருவி வானத்துக்கு ஒரு செய்தி அனுப்பும். அதை வைத்து இருக்கும் இடத்தைக் கணக்கிடலாம். டிசம்பரில் அவள் கிழக்கே திரும்பி, நடுக்கடலில் ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் கடந்து கோவா பக்கம் வந்துசேர்ந்தாள். பிறகு கரையை ஒட்டித் தெற்கே இறங்கி, கொச்சியைத் தாண்டி, இந்தியாவின் தென்முனை வரை வந்துவிட்டு மீண்டும் ஓமனுக்குத் திரும்பினாள். ஓமன் திமிங்கலமும் இந்தியத் திமிங்கலமும் ஒரே கூட்டம்தான் என்று கையில் பிடித்துக் காட்டியது இந்த ஒரு பயணம்.

அந்த டிசம்பரை நம் ஊர்களில் யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. நவம்பர் 30-ஆம் தேதி ஓகிப் புயல் அடித்தது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை வீடுகளில் ஆட்கள் திரும்பி வருவார்களா என்று காத்திருந்த நாட்களில்தான், அவர்கள் போன அதே அரபிக்கடலைக் குறுக்காகக் கடந்து அவள் நம் பக்கம் வந்துகொண்டிருந்தாள். லுபானின் பயணத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாட்களும் சேர்ந்தே வரும். அதைச் சொல்லாமல் இந்தப் பதிலை எழுத முடியவில்லை.

பாட்டுப் பாடும் என்கிறார்களே, நம் கடலில் யாராவது கேட்டிருக்கிறார்களா?

கேட்டிருக்கிறார்கள். பாடுவது ஆண். ஒரே வரிசையில் அமைந்த ஒலிகளைத் திரும்பத் திரும்ப மணிக்கணக்காகப் பாடும். அமெரிக்க ஆய்வாளர்கள் ரோஜர் பெய்னும் ஸ்காட் மெக்வேயும் 1971-இல் இதை முறையாக எழுதி வெளியிட்ட பிறகே அது பாட்டு என்பதை உலகம் ஏற்றுக்கொண்டது. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார் தென்கிழக்கு அரபிக்கடலின் ஆழம் குறைந்த பகுதியில், அதாவது நம் பக்கத்துக் கடலில், தண்ணீருக்கடியில் ஒலிவாங்கி வைத்து கூன்முதுகுத் திமிங்கலத்தின் ஒலிகளைப் பதிந்தார்கள். 2015-இல் வெளியான அந்த ஆய்வு, இது இணைசேரும் இடமாக இருக்கலாம் என்று சொல்கிறது. 2021-இல் விழிஞ்ஞத்துக்கு அப்பால் வைத்த ஒலிவாங்கியில் நீலத் திமிங்கலத்தின் குரலும் கிடைத்தது.

கடலில் ஒரு திமிங்கலத்தைக் கண்டால் அது இதுதான் என்று எப்படிச் சொல்வது?

நம் கடலில் அதிகம் தென்படுவது பிரைடு திமிங்கலம். அதன் முதுகுத் துடுப்பு அரிவாள் மாதிரி வளைந்து நிமிர்ந்து நிற்கும், முங்கும்போது வால் வெளியே வராது. நீலத் திமிங்கலம் மிக நீளம். அதன் மூச்சு ஒற்றைத் தூணாக வெகு உயரம் எழும்பும். அம்பர் என்ற வாசனைப் பொருளைத் தரும் எண்ணெய்த் திமிங்கலத்தின் மூச்சு முன்பக்கமாக இடது பக்கம் சாய்ந்து வரும், உடம்பு மிதக்கும் மரத்தடி போலக் கிடக்கும்.

கூன்முதுகுக்கு மூன்று அடையாளம். ஒன்று, முதுகுத் துடுப்பு சின்னது, ஒரு திமிலின் மேல் உட்கார்ந்திருக்கும். இரண்டு, பக்கத் துடுப்புகள் மிக நீளம்; உடம்பு நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு வரும். உடம்பு 13 முதல் 16 மீட்டர் என்றால் துடுப்பு எவ்வளவு இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதைத் தூக்கித் தண்ணீரில் அடிக்கும்போது சத்தம் வெகு தூரம் கேட்கும். மூன்று, ஆழமாக முங்கப் போகும்போது முதுகை நன்றாக வளைத்து வாலை முழுசாக வெளியே தூக்கும். தலையில் குமிழ் குமிழாகப் புடைப்புகள் இருக்கும், ஆனால் அதைப் பார்க்கிற அளவுக்குக் கிட்டே போக வேண்டாம்.

அந்த வால்தான் முக்கியம். வாலின் அடிப்பக்கத்துக் கறுப்பு வெள்ளைக் கோலமும், ஓரத்தின் வெட்டுகளும் நமக்குக் கைரேகை மாதிரி, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. ஒரு தெளிவான வால் படம் இருந்தால், அதே ஆளை ஓமனில் பார்த்தார்களா, எந்த ஆண்டில் பார்த்தார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

வலையில் திமிங்கலம் சிக்கினால் என்ன செய்வது? வலையை வெட்டினால் நஷ்டம் யார் தருவார்கள்?

முதலில் ஆள் பத்திரம். தண்ணீரில் யாரும் இறங்கக் கூடாது. பயந்த திமிங்கலம் வாலை ஒருமுறை வீசினால் தப்பிக்க முடியாது. இன்ஜினைச் சும்மா ஓட விட்டு, கியரில் போடாமல், வலையின் இழுவையைத் தளர்த்துங்கள். படகோடு கட்டிய பக்கத்தை விட்டுக்கொடுத்தாலே பல சமயம் அதுவே புரண்டு வெளியேறிவிடும். வெட்ட நேர்ந்தால் எவ்வளவு கூடுதலாக முடியுமோ அவ்வளவு வலையை உடம்பிலிருந்து எடுத்துவிட்டு வெட்டுவது நல்லது. உடம்பில் சுற்றிய மிச்சக் கயிறு மாதக்கணக்கில் அறுத்துக்கொண்டே இருக்கும். கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093.

ஓமனில் படம் எடுத்த கூன்முதுகுத் திமிங்கலங்களில் 30 முதல் 40 விழுக்காடு வரை வால் தொடங்கும் இடத்தில் வலையோ கயிறோ அறுத்த வடு இருக்கிறது. அந்தப் படங்களைப் பார்த்தால் மனசு கலங்கும். வாலுக்கு முன்னால், உடம்பு ஒடுங்கும் இடத்தில், கறுத்த தோலைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம். சிலவற்றில் அது சதைக்குள் புதைந்த பள்ளமாகவே ஆறியிருக்கிறது. இவை தப்பிப் பிழைத்தவை. பிழைக்காததைப் படம் எடுக்க ஆள் இல்லை.

நஷ்டம் பற்றி: மகாராஷ்டிரத்தில் 2018 முதல், பாதுகாக்கப்பட்ட கடல்வாழ் உயிர்களை விடுவிக்க வலையை வெட்டிய மீனவருக்கு 25,000 ரூபாய் வரை இழப்பீடு உண்டு. படம் அல்லது வீடியோ ஆதாரம் காட்ட வேண்டும். குஜராத்தில் திமிங்கலச் சுறாவுக்காக அதற்கும் முன்பே இப்படி ஒரு ஏற்பாடு வந்தது. நம் படகுகள் அந்தக் கரைகளிலும் தொழில் செய்கின்றன என்பதால் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு லட்சம், மூன்று லட்சம் போட்டு வாங்கிய வலைக்கு இருபத்தைந்தாயிரம் போதாதுதான். ஆனாலும் வலையை வெட்டுகிறவனே முழு நஷ்டத்தையும் சுமக்கட்டும் என்று விடுவதைவிட இது மேல். தமிழ்நாடும் கேரளமும் இதைவிட நல்ல தொகையோடு செய்ய வேண்டும்.

வேறொரு வழியும் இருக்கிறது. பாகிஸ்தானில் சூரை பிடிக்கும் வழிவலைப் (நீரோட்டத்தோடு மிதக்கவிடும் வலை) படகுகள், வலையின் மேல்விளிம்பைக் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 2 மீட்டர் கீழே இறக்கிப் போட்டுப் பார்த்தன. சிக்கிச் சாகும் ஓங்கல்களின் (டால்பின்) எண்ணிக்கை பெரிதும் குறைந்தது. கணக்கு எடுத்தவர்கள் படகிலிருந்த மீனவர்களேதான்.

சாளை எல்லாவற்றையும் இதுவே தின்றுவிட்டால் நமக்கு என்ன மிஞ்சும்?

கேரளத்தில் 2012-இல் கரைக்கு வந்த சாளை ஏறத்தாழ 3.9 லட்சம் டன். 2021-இல் வெறும் 3,297 டன். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு இது. இந்த வீழ்ச்சிக்குக் கடல் சூட்டையும் மழைப்போக்கையும் எல் நினோவையும், அதோடு குஞ்சு மீனை அள்ளியதையும் காரணமாகச் சொல்கிறார்கள். நூறு திமிங்கலம் அரபிக்கடல் முழுவதும் பரவித் தின்றாலும் இந்தக் கணக்கில் அது தெரியவே தெரியாது.

விழிஞ்ஞம் துறைமுகம் வந்துவிட்டது. கப்பலால் ஆபத்தா?

ஆபத்து உண்டு. ஐரோப்பாவிலிருந்து கிழக்கே போகும் பெருங்கப்பல் பாதை நம் தென்முனையைச் சுற்றியே போகிறது. விழிஞ்ஞத்திலிருந்து பத்து கடல் மைல் போனால் அந்தப் பாதை. 2024 ஜூலையில் முதல் தாய்க்கப்பல் வந்தது. 2025 மே மாதம் துறைமுகம் முறைப்படி திறக்கப்பட்டது. குட்டியோடு மேலே மிதக்கும் தாயால் அவ்வளவு பெரிய கப்பலிடமிருந்து சட்டென்று விலக முடியாது. கப்பலில் இருப்பவர்களுக்கு மோதியதே தெரியாமலும் போகும்.

இது தீர்க்க முடியாத சிக்கல் இல்லை. இலங்கையின் தெற்குக் கரையில் நீலத் திமிங்கலங்கள் கப்பல்களில் அடிபட்டுச் செத்தன. 2022-இல் எம்.எஸ்.சி என்ற சரக்குக் கப்பல் நிறுவனம் தன் கப்பல்களை இன்னும் தெற்கே தள்ளிப் போகச் செய்தது. அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்துக்குப் போகும் பாதையையே 2007-இல் திமிங்கலங்களுக்காக நகர்த்தினார்கள். இரண்டு இடங்களிலும் திமிங்கலம் எங்கே கூடுகிறது என்ற வரைபடம் கையில் இருந்தது. நம் பக்கம் அப்படி ஒரு வரைபடம் இன்னும் உருவாகவில்லை.

2025 மே 25-இல் கொச்சிக்கு அப்பால் எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியது. அதிலிருந்த பிளாஸ்டிக் குருணைகள் திருவனந்தபுரம் கரையிலும் நம் குமரிக் கரையிலும் வந்து ஒதுங்கியதை எல்லாரும் பார்த்தோம். நம் கரை வரை வந்த குருணை வழியில் உள்ள எல்லா உயிரையும் தொட்டுத்தான் வந்திருக்கும்.

கன்னியாகுமரிக்குத் தெற்கே மீன்வளம் மிகுந்த வாட்ஜ் பேங்க் கடற்பகுதியில் எண்ணெய் தேடுவதற்கும் திமிங்கலத்துக்கும் என்ன சம்பந்தம்?

சத்தம். கடலடியில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க, அழுத்தக் காற்றைத் தண்ணீருக்குள் வெடித்து, தரையிலிருந்து திரும்பும் அதிர்வைப் பதிவார்கள். சில விநாடிக்கு ஒருமுறை, நாள்கணக்கில், வாரக்கணக்கில் நடக்கும். கேட்டே வாழும் உயிருக்கு, பாடியே இணை தேடும் உயிருக்கு அது பெரிய தொந்தரவு. வாட்ஜ் பேங்கில் ஏலம் விட்டதை எதிர்த்து நம் ஊர்களில் நடந்த போராட்டங்களில் மீன்வளம் பற்றிய பேச்சே முன்னால் நின்றது, அது நியாயம். இந்தத் திமிங்கலத்தையும் அந்தப் பேச்சில் சேர்க்கலாம்.

அம்பர் இதிலிருந்தா வருகிறது?

இல்லை. அது எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலிலிருந்து வருவது. இந்தியாவில் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். 2022 ஜூலையில் விழிஞ்ஞம் மீனவர்கள் கடலில் கண்டெடுத்த 28 கிலோவுக்கும் மேலான அம்பரை அப்படியே கொண்டுவந்து அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். கோடிக்கணக்கில் விலை பேசப்படும் பொருள் அது. அவர்கள் செய்ததை நினைத்து எனக்கு இன்னும் பெருமைதான்.

கரை ஒதுங்கினால்?

உயிரோடு இருந்தால் மூச்சுத்துளை மூடாமல் உடம்பை நனைத்துக்கொண்டே இருங்கள். வாலில் கயிறு கட்டி இழுக்காதீர்கள், முதுகெலும்பு பெயர்ந்துவிடும். செல்ஃபி எடுக்க ஏறி நிற்பவர்களை விலக்குங்கள். 2016 ஜனவரியில் மணப்பாடு பக்கம் எண்பதுக்கும் மேற்பட்ட குட்டைத்துடுப்புத் திமிங்கலங்கள் ஒதுங்கியபோது, கடலுக்குள் தள்ளிவிட்டவை பல திரும்பத் திரும்பக் கரைக்கே வந்தன. அதே கரையில் 1973-லும் இப்படி நடந்திருக்கிறது.

செத்து ஒதுங்கினாலும் உடனே குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டாம். வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஒரு துண்டுத் தோல் கிடைத்தால் போதும், அது எந்தக் கூட்டம் என்பது தெரிந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் திமிங்கலம் இருக்கிறது. புலிக்குள்ள அதே பாதுகாப்பு. அழியும் நிலையிலுள்ள இனங்களை மீட்கும் மத்திய அரசின் திட்டத்தில் அரபிக்கடல் கூன்முதுகையும் சேர்த்திருக்கிறார்கள். கொல்வதும் பிடிப்பதும் காயப்படுத்துவதும் குற்றம். பார்த்ததும், படம் எடுத்ததும், விடுவித்ததும் குற்றமாகாது.

பார்த்ததைச் சொன்னால், அந்த இடத்தில் மீன் பிடிக்கக் கூடாது என்று தடை போட்டுவிடுவார்களோ?

எல்லாரும் மனசுக்குள் வைத்திருக்கும் கேள்வி இது. தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் ஒரு டிரைவர் அண்ணன் வாய்விட்டே கேட்டார். பயம் நியாயமானது. கரையைப் பற்றி முடிவெடுக்கும்போது நம்மைக் கேட்காமல் எடுத்த வரலாறு நிறைய உண்டு.

என் எண்ணம் இது. இந்தியாவின் மேற்குக் கடலில் இந்தத் திமிங்கலத்தைப் பற்றிய தகவல் மிகக் குறைவு. ஆராய்ச்சிக் கப்பல் வருஷத்தில் சில நாள் ஓடும். தூத்தூர்ப் படகுகளோ லட்சத்தீவு, குஜராத், அதற்கும் அப்பால் மாதக்கணக்கில் கிடக்கின்றன. அந்தக் கண்களுக்கு ஈடான கருவி எந்த நிறுவனத்திடமும் இல்லை. பார்த்ததை நாம் சொல்லாமல் விட்டால், இங்கே திமிங்கலமே இல்லை என்று எழுதிய அறிக்கையோடு எண்ணெய்க் கிணறு வரும், கப்பல் பாதை வரும். அப்போது நம் தொழிலும் சேர்ந்தே அடிபடும். பதிவு நம் கையில் இருந்தால், எங்கே, எப்போது, எந்த வலை என்று பேசும் இடத்தில் நாமும் உட்காரலாம். உங்கள் மீன் பார் (மீன் கூடும் கடலடிப் பாறைத்திட்டு) எங்கே என்பதைத் துல்லியமாக வெளியிட வேண்டாம் என்று நிபந்தனை போட்டுத் தகவல் கொடுங்கள். நல்ல ஆராய்ச்சியாளர் அதை மதிப்பார். மதிக்காதவருக்குக் கொடுக்க வேண்டாம்.

சரி, பார்த்தால் என்னென்ன குறித்துக்கொள்ள வேண்டும்? யாரிடம் கொடுப்பது?

அந்த அண்ணன் தன் போனில் ஒரு வீடியோ காட்டினார். பாதி நேரம் படகின் தளமும் ஆட்களின் காலும் தெரிந்தன. அப்புறம் ஒரு கரிய முதுகு உருண்டு போனது, திமில் தெரிந்தது, எல்லாரும் கத்தினார்கள். அந்த இடத்தில் வீடியோவை நிறுத்திவிட்டார். வால் அதற்கு அடுத்துத்தான் எழும்பியிருக்கும்.

அதனால், முதுகு வளைந்ததும் நிறுத்தாதீர்கள். போனைப் படுக்கைவாக்கில் பிடித்து, முங்கி முடியும் வரை எடுங்கள். படகைப் பின்பக்கமாக, குறைந்தது நூறு மீட்டர் தள்ளி வையுங்கள். வாலின் அடிப்பக்கம் பின்னாலிருந்துதான் தெரியும். துரத்தாதீர்கள். ஜி.பி.எஸ் திரையையும் ஒரு படம் எடுத்துவிட்டால் இடமும் நேரமும் தானாகவே பதிவாகிவிடும். கரைக்கடலில் கணிச்சம் பார்த்துத் தொழில் செய்யும் வள்ளக்காரர்கள் எந்தக் கோயில் கோபுரம், எந்த மலை நேர்வந்தது என்று குறித்தாலும் போதும். எத்தனை திமிங்கலம், குட்டி உண்டா, உடம்பில் வலை கிடந்ததா, பக்கத்தில் என்ன மீன் கூட்டம் நின்றது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

விழிஞ்ஞத்திலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது. கேரளப் பல்கலைக்கழகத்தின் நீர்வாழ் உயிரியல் துறையும் இந்த வேலையில் ஈடுபட்டிருக்கிறது. இந்தியக் கடல் பாலூட்டிகள் பாதுகாப்பு வலையமைப்பு என்ற அமைப்பு, யார் வேண்டுமானாலும் பார்த்ததைப் பதியும் வகையில் இணையதளம் வைத்திருக்கிறது. பழைய வீடியோ என்று தயங்க வேண்டாம். தேதி நினைவிருந்தால் ஐந்து வருஷத்துக்கு முந்தையதையும் கொடுக்கலாம்.